எல்காவ் அறிக்கையில் காணாமல் போகும் கோப்புகளும் பாதியில் நிற்கும் கிளைகளும்

ஜிசிசி கம்பைலர் கொண்டு கம்பைல் செய்த ஒரு சி++ சர்வர் நிரலுக்கு எல்காவ் வழியாகக் கவரேஜ் அறிக்கை, அதாவது சோதனைகளின்போது நிரலின் எந்தப் பகுதிகள் ஓடின என்ற கணக்கு, எடுக்கிறீர்கள். சில மூலக் கோப்புகள் அறிக்கையில் வரவே இல்லை. தினமும் சோதிக்கப்படும் ஒரு கோப்பு 0% என்று நிற்கிறது. வரிகளை 88% என்று காட்டும் அதே அறிக்கை கிளைகளை, அதாவது ஓட்டம் பிரியும் பாதைகளை, 46% என்கிறது. இவற்றில் எந்த எண்ணை நம்புவது, எத்தனை சதவீதத்தை இலக்காக வைப்பது என்பதே உங்கள் கேள்வி. இலக்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்ற மூன்று குழப்பங்களும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை என்பதால் அந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை. (கட்டளைகளையும் விருப்பங்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன், முனையத்தில் அவற்றை அவற்றின் சொந்த எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.)

எல்காவ் எதையும் அளப்பதில்லை. அது பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு தொகுப்பு. ஐபிஎம் நிறுவனத்தில், லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் என்ற முயற்சியின் பகுதியாக உருவானது. அது ஜிசிசி-யோடு வரும் ஜிகாவ் என்ற கருவியை அழைத்து, அது தரும் விவரத்தைச் சேர்த்துவைக்கிறது. கூடவே வரும் ஜென்-எச்டிஎம்எல் என்ற கட்டளை அதை வண்ணப் பக்கங்களாக மாற்றுகிறது. ஜிகாவும் அளப்பதில்லை. எண்ணுவது உங்கள் நிரலேதான், ஏனெனில் ‘கவரேஜ்’ என்ற விருப்பத்தோடு கம்பைல் செய்யும்போது கம்பைலர் உங்கள் நிரலுக்குள்ளேயே எண்ணிகளைப் பதித்துவிடுகிறது. அப்போது ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பின் பக்கத்திலும் ஜிசிஎன்ஓ என்ற நீட்சியுடைய குறிப்புக் கோப்பு ஒன்று உருவாகிறது; எந்த வரி எந்தத் தொகுதியை (நடுவில் பிரியாமல் ஒரே ஓட்டமாக ஓடும் நிரல் துண்டை) சேர்ந்தது, எந்தத் தொகுதியிலிருந்து எங்கே போகலாம் என்ற வரைபடம் அதில் இருக்கும். நிரல் ஓடி முடிந்ததும் ஜிசிடிஏ என்ற நீட்சியுடைய தரவுக் கோப்பு எழுதப்படுகிறது. அதில் இருப்பவை எண்கள் மட்டுமே. மூல நிரல், வரைபடம், எண்கள் ஆகிய மூன்றையும் பொருத்தித் தருவது மட்டுமே ஜிகாவின் வேலை. ஆகவே அறிக்கையில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால், இந்த மூன்றில் எது இல்லை, எது இன்னொன்றோடு பொருந்தவில்லை என்று பார்ப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி.

எண்ணும் முறையைப் பற்றி ஒரு சொல், ஏனெனில் பின்னால் வரும் ஒரு கோளாறு இதில்தான் வேர்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணி வைத்தால் நிரல் மிகவும் மெதுவாகிவிடும் என்பதால், ஜிசிசி ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) ஓட்டத்தை ஒரு வலையமைப்பாக வரைந்து, அதில் எல்லா முனைகளையும் சுற்று இல்லாமல் தொட்டுச் செல்லும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்கிறது. அந்த மரத்தில் சேராத இணைப்புகளுக்கு மட்டுமே எண்ணி. மற்றவற்றை ஜிகாவ் பின்னர் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒரு தொகுதிக்குள் எத்தனை முறை நுழைந்ததோ அத்தனை முறை வெளியேறியும் இருக்க வேண்டும் என்ற எளிய சமன்பாடே அதற்குப் போதும். மின்சுற்றில் கிர்ச்சாஃப் விதி படித்தவர்களுக்கு இது பழக்கமான கணக்கு. உங்கள் சர்வர் பல திரிகளில் (த்ரெட்) ஓடுகிறது என்றால், இரண்டு திரிகள் ஒரே எண்ணியை ஒரே கணத்தில் கூட்டும்போது ஒரு கூட்டல் தொலைந்துபோகலாம். தொலைந்தது ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து கழித்துப் பெறும் பக்கத்து எண்கள் எல்லாம் பிசகும். சில நேரம் ஒரு வரி எதிர்க்குறி எண்ணோடு வந்து நிற்கும். எல்காவின் 2.0 பதிப்பு இதைப் பிழையென்று சொல்லி நின்றே விடுகிறது. ‘ப்ரொஃபைல்-அப்டேட்’ என்ற விருப்பத்துக்கு ‘அட்டாமிக்’ என்ற மதிப்பைக் கொடுத்தால் இது தீரும். கம்பைல் கட்டளையில் ‘பி-த்ரெட்’ விருப்பம் இருந்தால் ஜிசிசி தானாகவே இதற்கு நிகரான முறையைத் தேர்ந்துகொள்ளும். இணைக்கும் கட்டளையில் மட்டும் அது இருந்தால் போதாது.

இனி 0% கோப்புக்கு வருகிறேன். நீங்கள் சோதிப்பது சர்வர் என்று சொன்னதுமே என் சந்தேகம் போன இடம் ஒன்றுதான்: சோதனை முடிந்ததும் சர்வரை எப்படி நிறுத்துகிறீர்கள்? ஜிசிடிஏ கோப்பு நிரல் ஓடும்போது சிறுகச் சிறுக எழுதப்படுவதில்லை. எண்கள் நினைவகத்தில் இருக்கின்றன. நிரல் ஒழுங்காக வெளியேறும்போது, அந்தக் கடைசி நொடியில்தான் அவை வட்டில் இறங்குகின்றன. சோதனை ஸ்கிரிப்ட் ‘சிக்-கில்’ என்ற சமிக்ஞையை அனுப்பிக் கொன்றால் எழுத வாய்ப்பே இல்லை. ‘சிக்-டெர்ம்’ மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்தச் சமிக்ஞையைக் கையாள நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் அதுவும் நிரலை அப்படியே சாய்த்துவிடும். ‘அபார்ட்’ அழைத்தாலும், அடிக்கோட்டோடு தொடங்கும் ‘எக்ஸிட்’ வழியாக வெளியேறினாலும் இதே கதிதான். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒருங்கிணைப்புச் சோதனைகள் எல்லாம் இரவு முழுக்க ஓடி, காலையில் அறிக்கையில் ஒரு வரிகூடக் கூடாமல் இருந்த மர்மத்தை இரண்டு வாரம் துரத்தினோம். கடைசியில் பார்த்தால், சோதனைச் சட்டகம் ஒவ்வொரு முறையும் சர்வரைச் ‘சிக்-கில்’ கொடுத்தே முடித்திருந்தது.

தீர்வு இரண்டு விதம். சமிக்ஞை வந்ததும் முதன்மைச் சுற்றை முடித்து ஒழுங்காக வெளியேறும்படி சர்வரை எழுதுவது நல்ல வழி. அது எப்படியும் இருக்க வேண்டிய ஒன்று. இல்லையென்றால், ‘ஜிகாவ்-டம்ப்’ என்ற செயற்கூற்றை (முன்னால் இரண்டு அடிக்கோடுகளுடன்) நீங்களே அழைத்து எண்களை எழுதச் செய்யலாம். பழைய குறிப்புகளில் இதற்கு ‘ஜிகாவ்-ஃப்ளஷ்’ என்று இருக்கும். அது ஜிசிசி 11-இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே புதிய கம்பைலரில் இணைக்கும்போது பிழை வரும். லினக்ஸ் கெர்னலுக்கும் இதே சிக்கல் உண்டு, அது வெளியேறுவதே இல்லை அல்லவா? 2009-இல் வந்த 2.6.31 பதிப்பிலிருந்து கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் எண்ணிகளை டிபக்-எஃப்எஸ் என்ற மெய்நிகர்க் கோப்பமைப்பின் வழியே ஜிசிடிஏ கோப்புகளாகக் காட்டுகிறது.

நிரல் ஒழுங்காக வெளியேறியும் கோப்பு 0% என்றால் அடுத்தது பாதை. ஜிசிடிஏ எங்கே எழுதப்பட வேண்டும் என்ற முழுப் பாதை கம்பைல் நேரத்திலேயே நிரலுக்குள் பதிந்துவிடுகிறது. ஒரு கன்டெய்னரில் கம்பைல் செய்து, இன்னொரு கன்டெய்னரில் ஓடவிடுகிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்: அங்கே அந்தக் கோப்புறை இல்லை, அல்லது எழுத அனுமதி இல்லை. பிழைச் செய்தி ஒரு வரி வரும். சர்வரின் பதிவுக் குவியலில் அதை யாரும் பார்ப்பதில்லை. ‘ஜிகாவ்-ப்ரிஃபிக்ஸ்’, ‘ஜிகாவ்-ப்ரிஃபிக்ஸ்-ஸ்ட்ரிப்’ என்ற இரண்டு சூழல் மாறிகள் இதற்கென்றே உள்ளன. முதலாவது, பதிந்திருக்கும் பாதைக்கு முன்னால் எதைச் சேர்ப்பது என்று சொல்கிறது. இரண்டாவது, அந்தப் பாதையின் தொடக்கத்திலிருந்து எத்தனை அடுக்குகளை நீக்குவது என்று சொல்கிறது. ஓடவிட்ட இடத்தில் சேர்ந்த ஜிசிடிஏ கோப்புகளைத் திரும்பக் கொண்டுவந்து ஜிசிஎன்ஓ கோப்புகளின் பக்கத்தில் வைத்துவிட்டால் ஜிகாவுக்குப் போதும்.

மூன்றாவது காரணம், வரைபடமும் எண்களும் வெவ்வேறு நாளைச் சேர்ந்தவையாக இருப்பது. ஒவ்வொரு ஜிசிஎன்ஓ கோப்புக்கும் ஒரு முத்திரை எண் உண்டு. ஜிசிடிஏ கோப்பிலும் அதுவே இருக்க வேண்டும். மூலத்தை மாற்றி மீண்டும் கம்பைல் செய்துவிட்டு, பழைய ஜிசிடிஏ அங்கேயே கிடந்தால், முத்திரை பொருந்தவில்லை என்று சொல்லி ஜிகாவ் அந்த எண்களை ஒதுக்கிவிடும். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: ஒரே கட்டமைப்பை (ஒருமுறை கம்பைல் செய்து எடுத்த நிரலை) எத்தனை முறை ஓடவிட்டாலும் எண்கள் அழிக்கப்படாமல் மேலே மேலே கூட்டப்படுகின்றன. பல சோதனை நிரல்களின் விளைவைச் சேர்க்க இது வசதி. ஆனால் நேற்று ஓடிய, இன்று நீங்கள் நீக்கிவிட்ட சோதனையின் பங்கும் இன்றைய அறிக்கையில் ஒளிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் எல்காவின் ‘ஜீரோ-கவுன்டர்ஸ்’ விருப்பத்தால் பழைய ஜிசிடிஏ கோப்புகளைத் துடைத்துவிட்டே தொடங்குங்கள். கம்பைலரின் பதிப்பும் ஜிகாவின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே கணினியில் ஜிசிசி 11, 13 இரண்டும் இருந்தால் எல்காவ் தன் விருப்பப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளும். ‘ஜிகாவ்-டூல்’ விருப்பத்தால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

விடுபட்ட கோப்புகளின் கதை வேறு. அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது, ஏனெனில் 0% கண்ணில் குத்தும், இல்லாதது குத்தாது. எல்காவ் வழக்கமாகத் தேடுவது ஜிசிடிஏ கோப்புகளைத்தான். எந்தச் சோதனையும் இணைத்துக்கொள்ளாத ஒரு மூலக் கோப்புக்கு ஜிசிஎன்ஓ இருக்கும், ஜிசிடிஏ இருக்காது. ஆகவே அது அறிக்கையில் இடம்பெறாது, வகுக்கும் எண்ணிலும் சேராது. கணக்காகப் பாருங்கள்: தலா 100 வரிகளுடன் 10 கோப்புகள் இருக்கின்றன, அவற்றில் 3 கோப்புகளை எந்தச் சோதனையும் தொடவில்லை, மீதி 7 கோப்புகளில் 630 வரிகள் ஓடியிருக்கின்றன. அறிக்கை 90% என்று பச்சையாகச் சிரிக்கும், உண்மையோ 63%. இதைத் தவிர்க்க, சோதனை ஓடும் முன்பே ‘கேப்சர்’ விருப்பத்தோடு ‘இனிஷியல்’ என்பதையும் கொடுத்து, எல்லா வரிகளும் பூஜ்யமாக இருக்கும் ஓர் அடிப்படைக் கோப்பை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். சோதனைக்குப் பின் எடுக்கும் கோப்போடு அதைக் கூட்டி, கூட்டியதிலிருந்து அறிக்கை தயாரிக்க வேண்டும். எல்காவ் கையேட்டிலேயே உள்ள முறைதான் இது, இருந்தும் நான் பார்த்த ஸ்கிரிப்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு படியை விட்டுவிட்டவை.

இப்படிச் செய்தும் பிடிபடாத ஒன்று சி++ இல் உண்டு. டெம்ப்ளேட்டாக எழுதிய ஒரு செயற்கூற்றை யாரும் எந்த வகைக்கும் பயன்படுத்தவில்லை என்றால், கம்பைலர் அதற்கு நிரலே உருவாக்குவதில்லை. ஆகவே ஜிசிஎன்ஓ வரைபடத்திலும் அது இல்லை. அறிக்கையில் அந்த வரிகள் சிவப்பாகவும் இராது, பச்சையாகவும் இராது, கருத்துரை வரியைப் போல வெறுமையாக இருக்கும். தலைப்புக் கோப்புகளிலேயே பெரும்பகுதியை எழுதும் திட்டங்களில் சதவீதம் கொஞ்சம் வீங்கியே தெரியும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி 88-க்கும் 46-க்கும் இடையிலான இடைவெளி. இது கோளாறு அல்ல. ஜிகாவ் ‘கிளை’ என்று எதைச் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் எழுதிய ‘இஃப்’ மட்டுமே கிளை என்று நினைக்கிறீர்கள். கம்பைலருக்கோ, விதிவிலக்கு (எக்செப்ஷன்) எறியக்கூடிய ஒவ்வொரு அழைப்பும் ஒரு கிளைதான்: ஒழுங்காகத் திரும்பினால் ஒரு பாதை, விதிவிலக்கு எழுந்தால் இன்னொரு பாதை. மூன்று சரங்களைக் கூட்டி ஒரு பட்டியலில் சேர்க்கும் ஒற்றை வரியில் நினைவகம் போதாமல் போகும் பாதைகள் பல உண்டு. அவற்றை எந்தச் சோதனையும் நடக்கவிடுவதில்லை. ஜிகாவைக் கிளை விவரத்தோடு நேரடியாக ஓடவிட்டு, அது எழுதும் உரைக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எத்தனை முறை ஓடியது என்ற எண் இருக்கும்; ஓடவே ஓடாத வரிக்கு ##### என்றும், விதிவிலக்கின் வழியாக மட்டுமே அடையக்கூடிய ஓடாத வரிக்கு ===== என்றும், நிரலே இல்லாத வரிக்கு ஒரு சிறு கோடும் இருக்கும். கிளைகளில் எவை விதிவிலக்குக்கு உரியவை என்றும் அது குறித்திருக்கும். வண்ணப் பக்கங்களைவிட இந்த உரைக் கோப்பையே நான் நம்புகிறேன். நடுவில் யாரும் எதையும் வடிகட்டாத ஒரே இடம் அது.

அந்த விதிவிலக்குக் கிளைகளைக் கழித்துப் பார்க்க, ஜிகாவர் என்ற பைதான் கருவியில் ‘எக்ஸ்க்ளூட்-த்ரோ-பிராஞ்சஸ்’ என்ற விருப்பம் இருக்கிறது, எல்காவ் 2.0-இலும் அமைப்புக் கோப்பின் வழியே இதைச் செய்யலாம். கழித்த பிறகு வரும் எண்தான் உங்கள் ‘இஃப்’களைப் பற்றிப் பேசுவது. மேம்படுத்தல் இல்லாமல், அதாவது ஓ-0 நிலையில் கம்பைல் செய்வதும் முக்கியம்: மேம்படுத்தும் கம்பைலர் வரிகளை ஒன்றாக்கும், இடம் மாற்றும், சிறு செயற்கூறுகளை அழைத்த இடத்திலேயே விரித்துவிடும், பிறகு அறிக்கை காட்டும் வரிக்கும் நீங்கள் எழுதிய வரிக்கும் உறவு தளர்ந்துவிடும்.

ஆனால் கிளை எண் உறுத்துகிறது என்பதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வரி எண்ணில் ஆறுதல் தேடவும் கூடாது. “பயனர் உள்நுழைந்திருந்து, அவருக்கு அனுமதியும் இருந்தால்” என்ற இரட்டை நிபந்தனை ஒரே வரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நுழைந்த, அனுமதியுள்ள பயனரை வைத்து ஒரு சோதனையும், உள்நுழையாதவரை வைத்து ஒரு சோதனையும் எழுதினால் வரிகள் 100%. உள்நுழைந்தும் அனுமதி இல்லாதவரை யாரும் சோதிக்கவே இல்லை, ஆபத்தோ அங்கேதான். ஒவ்வொரு தனி நிபந்தனையும் முடிவைத் தானாகவே மாற்றவல்லது என்று காட்டக் கேட்கும் அளவுகோலை விமானத் துறையின் டிஓ-178சி தரம் அதன் மிக உயர்ந்த ஏ நிலைக்குக் கோருகிறது. 2024-இல் வந்த ஜிசிசி 14, ‘கண்டிஷன்-கவரேஜ்’ என்ற விருப்பத்தின் மூலம் இதையும் எண்ணித் தருகிறது.

அந்த அளவுகோலில் 100% எட்டியதாகச் சொல்லும் பொதுத் திட்டங்களில் நன்கு அறியப்பட்டது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம்; அளப்பதற்கு அவர்கள் பயன்படுத்துவதும் இதே ஜிகாவ்தான். அவர்களுடைய ஆவணத்தில் நேர்மையான ஓர் ஒப்புதல் உண்டு: முழுக் கிளைக் கவரேஜைத் துரத்தினால், “இது நடக்கவே நடக்காது, ஆனாலும் இருக்கட்டும்” என்று எழுதும் தற்காப்பு நிரலை எழுதவே கை வராது, ஏனெனில் நடக்காத கிளையைச் சோதிக்க முடியாது. அதற்காக அவர்கள் ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ என்ற இரண்டு மேக்ரோக்களை வைத்திருக்கிறார்கள். பயனருக்குப் போகும் கட்டமைப்பில் அந்த நிபந்தனை உண்மையாகவே சரிபார்க்கப்படுகிறது. கவரேஜ் அளக்கும் கட்டமைப்பில் அது மாறிலியாகி, கிளையே இல்லாமல் போகிறது. அளந்த கட்டமைப்பும் அனுப்பும் கட்டமைப்பும் வேறாகிவிடுவதால், அனுப்பும் கட்டமைப்பிலும் அதே சோதனைகளை மறுபடி ஓடவிட்டு விடைகள் ஒன்றா என்று பார்க்கிறார்கள். சிறு திட்டங்களில் இதற்கு ஈடாகப் பயன்படுவது, எண்ண வேண்டாத வரிகளைக் கருத்துரையாக அடையாளமிடும் எல்காவின் விலக்குக் குறிகள். விலக்குக் குறி இடும் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டாவது ஒருவர் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது என் பழக்கம். இல்லையென்றால் ஆறு மாதத்தில் கடினமான வரிகள் எல்லாம் விலக்கப்பட்டுவிடும்.

இலக்கு எத்தனை? ஜென்-எச்டிஎம்எல் வழக்கமாக 90%-க்கு மேல் பச்சையும் 75%-க்குக் கீழ் சிவப்பும் பூசுகிறது. அவை அமைப்புக் கோப்பில் மாற்றக்கூடிய இரண்டு எண்கள், அவ்வளவுதான். ஒட்டுமொத்தச் சதவீதத்துக்கு உயரமான இலக்கு வைத்தால், குழு எளிதான வரிகளுக்குச் சோதனை எழுதி எண்ணை ஏற்றும். எந்த மதிப்பையும் சரிபார்க்காமல் செயற்கூற்றை அழைத்துவிட்டுப் போகும் சோதனையும் எண்ணிக்குச் சோதனைதான். நான் செய்வது இது: மேலே சொன்ன திருத்தங்களுக்குப் பிறகு வரும் உண்மையான எண்ணை அப்படியே அடித்தளமாக வைத்து, அதற்குக் கீழே போனால் கட்டமைப்பு தோல்வியடையும்படி ஜிகாவரின் ‘ஃபெயில்-அண்டர்-லைன்’ விருப்பத்தைப் பயன்படுத்துகிறேன். 63 என்றால் 63தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல், இந்த மாற்றத்தில் புதிதாகச் சேர்ந்த வரிகளில் எவை ஓடவில்லை என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். 2023-இல் வெளிவந்த எல்காவ் 2.0, பழைய அறிக்கையையும் மாற்றக் கோப்பையும் கொடுத்தால் இதையே பிரித்துக் காட்டுகிறது: புதிதாக எழுதிச் சோதிக்காதவை எவை, முன்பு ஓடி இப்போது ஓடாமல் போனவை எவை என்று தனித்தனியாக. இந்த இரண்டாவது வகை வரிகளைக் கண்டால் உடனே நிறுத்தி விசாரியுங்கள். பெரும்பாலும் ஒரு சோதனை சத்தமில்லாமல் ஓடாமல் போயிருக்கும்.

கருவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தானியங்கிச் சோதனை வரிசைக்கு எனக்கு ஜிகாவரே வசதி: ஒற்றைக் கட்டளை, ஜிசிடிஏ இல்லாத ஜிசிஎன்ஓ கோப்புகளையும் அதுவே சேர்த்துக்கொள்கிறது, பிற கருவிகள் படிக்கும் கோபர்டூரா வடிவத்திலும் எழுதித் தருகிறது. மனிதர்கள் உட்கார்ந்து மேயும் அறிக்கைக்கும், வேறுபாடு பார்க்கவும் எல்காவ். கிளாங் கம்பைலருக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதன் சொந்த எல்எல்விஎம்-காவ் முறையைப் பாருங்கள். அது வரியை விட்டுவிட்டு வரிக்குள் இருக்கும் பகுதிகளையே எண்ணுகிறது, ஆகவே ஓர் இரட்டை நிபந்தனையின் இரண்டாவது பாதி ஒருமுறைகூட ஓடவில்லை என்றால், அது அங்கே வரிக்குள்ளேயே சிவப்பாகத் தெரியும்.

இப்போதைக்கு, பழைய ஜிசிடிஏ கோப்புகளைத் துடைத்து, அடிப்படைக் கோப்பை எடுத்து, சர்வரை ஒழுங்காக நிறுத்தும்படி ஸ்கிரிப்டைத் திருத்தி ஒரு முறை ஓடவிடுங்கள். அதன் பிறகும் அந்தக் கோப்பு 0% என்றே இருந்தால், அறிக்கையைத் திறக்காமல் நேரே கட்டமைப்புக் கோப்புறைக்குப் போய், அந்தக் கோப்புக்கு உரிய ஜிசிடிஏ இருக்கிறதா, அதன் நேரம் சர்வர் நின்ற நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கோப்பே இல்லையென்றால் சிக்கல் நிறுத்தும் முறையிலோ பாதையிலோ இருக்கிறது. புதிய கோப்பு இருந்தும் 0% என்றால் முத்திரையையும் ஜிகாவின் பதிப்பையும் சரிபாருங்கள். இரண்டும் சரி என்றால், நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் சோதனை அந்தக் கோப்பை உண்மையிலேயே அழைக்கவில்லை.